மலாயிலும் இந்தோனேசியத்திலும் வழிபாட்டுச் சொற்கள்: எதை எங்கே எழுதுவது?

வலம்புரி கேட்டது:

வணக்கம். இரண்டு மொழிபெயர்ப்பு வேலைகள் கையில் இருக்கின்றன. ஒன்று, மலேசியாவில் ஒரு மாரியம்மன் கோயிலின் திருவிழா அறிவிப்பு. இது மலாயில் போக வேண்டும். மற்றொன்று, ஜகார்த்தாவில் நடக்கவிருக்கும் பல்சமயக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், இது இந்தோனேசியத்தில்.

தமிழ் மூலத்தில் வழிபாடு, பூஜை, பிரார்த்தனை, தொழுகை, ஆராதனை, நேர்த்திக்கடன் எல்லாம் வருகின்றன. அகராதியைப் புரட்டினால் செம்பாஹ்யாங், சொலாட், டோவா, இபாடாட், பூஜா, பாக்தி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. எதற்கு எது என்று சொல்வதில்லை. மலாய் வரைவில் இந்த மூன்று வரிகள்தான் இடிக்கின்றன:

"செமுவா டிஜெம்புட் சொலாட் துஹான் டி கூயில்." (எல்லாரும் கோயிலில் கடவுளை வழிபட அழைக்கப்படுகிறார்கள்.)
"உபாச்சாரா பெமுஜாஅன் டேவி மாரியம்மன் பெர்மூலா புக்குல் 7.00 பாகி." (மாரியம்மன் வழிபாட்டுச் சடங்கு காலை 7.00 மணிக்குத் தொடங்கும்.)
"பெண்டேத்தா ஆகான் மெண்டோவாக்கான் துஹான் உந்தோக் கெசெஜாஹ்தெராஅன் பெண்டூடுக்." (ஊர்மக்களின் நலனுக்காகப் பூசகர் கடவுளிடம் வேண்டுவார்.)

இந்தோனேசிய நிரலில் நண்பகல் இடைவேளைக்கு "சொலாட் டான் மாக்கான்" என்றும், மௌன அஞ்சலிக்கு "டோவா செஞாப்" என்றும் போட்டிருக்கிறேன். காரணத்தோடு திருத்திக் கொடுத்தால் அடுத்த வேலைக்கும் உதவும்.

சொல்லேர்:

முதலில் மலாய் வரிகள். மூன்றிலும் பிழை இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு வகை.

முதல் வரியில் சொலாட்டை எடுத்துவிடுங்கள். சொலாட் என்பது முஸ்லிம்களின் ஐவேளைத் தொழுகையும் அதே முறையில் அமைந்த மற்றத் தொழுகைகளும் மட்டுமே. இறந்தவருக்கான தொழுகை நீங்கலாக, ருக்கூவும் (குனிதல்) சுஜூதும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) ரக்காஅத் (தொழுகைச் சுற்று) கணக்கும் உள்ள ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். கோயில் வழிபாட்டுக்கு அதைப் போட்டால் படிக்கிற மலாய்க்காரர் குழம்புவார், சிலர் வருத்தப்படவும் செய்வார்கள். சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 1986 டிசம்பரில் உள்துறை அமைச்சு வெளியிட்ட உத்தரவு, முஸ்லிம் அல்லாதோர் வெளியீடுகளில் நான்கு சொற்களைத் தடுத்தது: அல்லாஹ், பைத்துல்லாஹ், காபா, சொலாட். 2021 மார்ச்சில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் மாநிலச் சட்டங்கள் தனி. சிலாங்கூரின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவை இஸ்லாமியச் சொற்களின் பட்டியலையே இணைத்து வைத்திருக்கின்றன. இந்துக் கோயில் அறிவிப்புக்கு அந்தச் சொல் தேவையே இல்லை என்பதால் அந்த வம்புக்குள் போக வேண்டியதில்லை.

கோயிலுக்கு உரிய சொல் செம்பாஹ்யாங். எந்தச் சமயத்தவரும் கூச்சமின்றி எழுதலாம். பேச்சில் வெறும் செம்பாஹ்யாங் போதும். அச்சில் வினையாக வரும்போது முன்னொட்டோடு பெர்செம்பாஹ்யாங் என்று எழுதுவது முறை. நடுவில் உள்ள "ஹ்" பேச்சில் தேய்ந்து "செம்பாயாங்" என்றுதான் காதில் விழும். அப்படியே எழுத்திலும் விட்டுவிடுவது மிகப் பரவலான எழுத்துப்பிழை. செம்பாஹ் (கும்பிடுதல்), ஹியாங் (தெய்வம்) என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது என்று நினைவில் வைத்தால் அந்த ஹ் விழாது.

அதே வரியில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்கிறது. செம்பாஹ்யாங்கும் டோவாவும் செயப்படுபொருள் ஏற்காத வினைகள். கடவுளைச் சொல்ல வேண்டுமானால் நடுவே "கெப்பாடா" ("-இடம்" என்பது போன்ற சொல்) வர வேண்டும்: பெர்செம்பாஹ்யாங் கெப்பாடா துஹான், பெர்டோவா கெப்பாடா துஹான். நேரே செயப்படுபொருள் ஏற்பது மெஞெம்பாஹ்தான்: மெஞெம்பாஹ் துஹான். செம்பாஹ்வின் முன் மெ சேரும்போது சகரம் விழுந்து ஞகரம் வரும், அதனால்தான் மெஞெம்பாஹ். பூஜாவில் பகரம் விழுந்து மகரம் வரும்: மெமூஜா. டோவாவில் எதுவும் விழாது: மெண்டோவாக்கான்.

இந்த மெண்டோவாக்கான்தான் மூன்றாவது வரியைக் கெடுத்தது. அதன் செயப்படுபொருள் யாருக்காக, எதற்காக வேண்டுகிறோமோ அதுதான். யாரிடம் வேண்டுகிறோமோ அவரல்ல. மெண்டோவாக்கான் ஓராங் சாக்கிட் என்றால் நோயாளிக்காக வேண்டுவது. உங்கள் வரியைப் படிப்பவருக்கு, கடவுளின் நலனுக்காகப் பூசகர் வேறு யாரிடமோ வேண்டிக்கொள்கிறார் என்று பொருள்படும்.

பெண்டேத்தாவும் மலேசியாவில் சரிப்படாது. அங்கே அது பேரறிஞர் என்ற பொருளில் நிற்கிறது. மலாய் இலக்கண அறிஞர் ஸாபாவுக்குக் கொடுத்த பட்டம் அது. இந்தோனேசியாவில் பெண்டேத்தா என்றால் முதலில் புரொடெஸ்டண்ட் போதகர்தான் நினைவுக்கு வருவார். மலேசியாவில் இந்துப் பூசகருக்குச் சாமி என்றே சொல்லலாம், நம் சாமிதான். பௌத்தப் பிக்குவையும் சாமி புத்தா என்பார்கள் என்பதால், தேவைப்பட்ட இடத்தில் சாமி ஹிண்டு என்று தெளிவாக்கிவிடுங்கள்.

இரண்டாவது வரியின் பெமுஜாஅன் அகராதிப்படி சரி, வழக்கப்படி ஆபத்து. பூஜை என்ற நல்ல சொல்லின் பிள்ளைதான் அது. ஆனால் மலேசிய மலாயில் மெமூஜா என்றதும் கல்லறையில் ஆவியை அழைப்பது, பரிசு எண் கேட்டு எதையோ வணங்குவது, மாந்திரீகம் என்ற வாடைதான் அடிக்கும். போலீஸ் சோதனைச் செய்திகளில்தான் உபாச்சாரா பெமுஜாஅன் என்ற தொடர் வழக்கமாக வரும். கோயில் அறிவிப்பில் அது வேண்டவே வேண்டாம். உபாச்சாரா செம்பாஹ்யாங் என்று எழுதுங்கள். சிறப்புப் பூஜை என்றால் உபாச்சாரா செம்பாஹ்யாங் காஸ். "பூஜை" என்ற சொல்லே வேண்டும் என்று கோயில் நிர்வாகம் விரும்பினால், சாய்வெழுத்தில் பூஜை என்று போட்டு அடுத்து விளக்கம் தருவதே நல்லது.

திருத்தியவை:

"பாரா பெங்கானுட் டிஜெம்புட் பெர்செம்பாஹ்யாங் டி கூயில் இனி."
"உபாச்சாரா செம்பாஹ்யாங் காஸ் உந்தோக் டேவி மாரியம்மன் பெர்மூலா புக்குல் 7.00 பாகி."
"சாமி ஆகான் மெண்டோவாக்கான் கெசெஜாஹ்தெராஅன் பெண்டூடுக்."

"செமுவா"வைப் "பாரா பெங்கானுட்" ஆக்கியதற்கும் காரணம் உண்டு. பெங்கானுட் என்றால் ஒரு சமயத்தைப் பின்பற்றுவோர். வழிபாட்டு அழைப்பு யாருக்கு என்பது அதில் தெளிவாகிவிடும். அன்னதானத்துக்கோ கலை நிகழ்ச்சிக்கோ எல்லாரையும் அழைப்பதானால் அதைத் தனி வரியாகப் போடுங்கள். அங்கே செமுவா சரி.

நேர்த்திக்கடனுக்கு மலேசிய நாளிதழ்கள் எழுதுவது மெனுனாய்க்கான் நாசார் அல்லது மெம்பாயார் நாசார். நாசார் அரபுச் சொல்தான். ஆனாலும் தைப்பூசச் செய்திகளில் இந்துக்களுக்கும் ஆண்டுதோறும் அதுவே வருகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. காவடியைக் காவடி என்றே விடலாம். பால்குடம் பெலாங்கா சூசு. ஊர்வலம் பெராராக்கான். வெள்ளித் தேர் பெடாத்தி பேராக்.

பெர்செம்பாஹான் என்ற சொல்லையும் கவனியுங்கள். செம்பாஹ் உள்ளே இருக்கிறதே என்று "காணிக்கை" என்ற பொருளில் போட்டுவிடுவார்கள். மலேசிய நிரலில் பெர்செம்பாஹான் என்றால் மேடை நிகழ்ச்சி; நடனம், பாட்டு. காணிக்கை செலுத்துமிடம் என்று நினைத்து நீங்கள் எழுதிய பலகையைப் பார்த்து, அங்கே ஆட்டம் நடக்கும் என்று கூட்டம் நிற்கும். இந்தோனேசிய தேவாலயத்திலோ அதே சொல் காணிக்கைதான்.

நாவாய்:

சொல்லேர் சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. அரசு மானியத்துக்கு விண்ணப்பம், நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் என்று வரும்போது கூயில் மட்டும் போதாது. ரூமாஹ் இபாடாட் என்ற தொடர் வேண்டும். முஸ்லிம் அல்லாதோரின் வழிபாட்டுத்தலங்களுக்கு மலேசிய அரசு வைத்திருக்கும் பெயர் ரூமாஹ் இபாடாட் புக்கான் இஸ்லாம், சுருக்கமாக ரிபி. படிவத்தில் "ரிபி" என்று கண்டால் அது உங்கள் கோயிலையும் சேர்த்ததுதான். இங்கே இபாடாட் என்று டகர ஒற்றில் முடிவதைப் பாருங்கள். இபாடாஹ் என்று ஹகரத்தில் முடியும் வடிவம் மலேசியாவில் பெரும்பாலும் முஸ்லிம் வழிபாட்டைப் பற்றிய பேச்சில் வரும். இந்தோனேசியாவில் நேர் எதிர்: இபாடாஹ்தான் பொதுச் சொல், தெம்பாட் இபாடாஹ் என்றால் எல்லாச் சமயத் தலங்களும். ஆனால் அவர்களுடைய 1945 அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு "பெரிபாடாட்" என்ற பழைய வடிவத்தை வைத்திருக்கிறது. மேற்கோளாக எடுத்தால் அதை மாற்றக் கூடாது.

தமிழருக்கு இந்த மொழிகளில் இருக்கும் பெரிய வசதியே பெரிய பொறியும்தான். பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கும். ஆகாமா என்றால் ஆகமம் அல்ல, மதம். உபாச்சாரா உபசாரம் அல்ல, சடங்கு, கொடியேற்றுவதுகூட உபாச்சாராதான். பூஜி என்பது பூஜையிலிருந்து வந்தாலும் பொருள் புகழ்தல். பிள்ளை நன்றாகப் படித்தால் ஆசிரியர் செய்வது மெமூஜி. ஓரெழுத்து மாறி மெமூஜா ஆகிவிட்டால் அந்தப் பிள்ளையைத் தெய்வமாக்கிவிடுவீர்கள். பஹாலா என்பது பலன். ஆனால் புண்ணியப் பலன் மட்டும். டோசா என்பது தோஷம் அல்ல, பாவம். புவாசா மட்டும் ஏமாற்றாது: உபவாசம்தான், நோன்புதான்.

பாக்தியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பங்கா தீவில் கிடைத்த கோத்தா காப்பூர் கல்வெட்டு கி.பி. 686ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜாவா நாடு ஸ்ரீவிஜயத்துக்கு "பக்தி" காட்டவில்லை என்று அதில் வருகிறது. பேரரசுக்குப் பணியவில்லை என்று பொருள். அந்தப் பணிவும் சேவையும்தான் இன்றுவரை அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கின்றன. இந்தோனேசியாவில் கெர்ஜா பாக்தி என்றால் ஊர்கூடித் தெருவையும் வாய்க்காலையும் சுத்தம் செய்வது. பெர்பாக்தி கெப்பாடா ஓராங் துவா என்றால் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது. "பக்தர்கள்" என்பதை இதிலிருந்து ஆக்கப் பார்க்காதீர்கள். மலேசியாவில் பெங்கானுட், இந்தோனேசியாவில் உமாட். அதே பாக்தியிலிருந்து கெபாக்தியான் என்று பெயர்ச்சொல் ஆக்கினால் மட்டும் இந்தோனேசியாவில் வழிபாடு ஆகிவிடும். அதுவும் கிறிஸ்தவ ஆராதனை.

இஸ்லாம் வந்த பின்பும் இந்தச் சொற்கள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1303ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் தெரெங்கானு கல்வெட்டு, ஜாவி எழுத்தில், அதாவது மலாய்க்கு ஏற்ற அரபு எழுத்தில், இஸ்லாமியச் சட்டத்தைப் பொறித்த கல். அதிலேயே இறைவனைக் குறிக்க "டேவாத்தா மூலியா ராயா" என்ற தொடர் வருகிறது. புதிய சமயத்தை ஊருக்குத் தெரிந்த சொல்லில் சொன்னார்கள். செம்பாஹ்யாங், புவாசா, சுர்கா, நெராக்கா எல்லாம் அப்படித் தங்கியவை. அதனால் செம்பாஹ்யாங்கை "இந்துச் சொல்" என்று ஒதுக்குவதும் தவறு. மூத்த மலாய் முஸ்லிம்கள் வாயில் செம்பாஹ்யாங் ஜுமாஅட் (வெள்ளித் தொழுகை) இன்னும் சரளமாக வரும். அச்சிலும் அலுவலகத்திலும்தான் சொலாட் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

மேடான்வாசி:

இந்தோனேசிய நிரலைப் பார்ப்போம். இங்கே ஒரே சொல்லை எல்லாச் சமயத்துக்கும் போட்டால் மரியாதையாக இருக்காது. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கூட்டு வழிபாட்டுக்கு வைத்திருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம்களுக்குச் சாலாட். அரசு அகராதியான காபெபெஇ (KBBI) தரும் வடிவம் இதுதான். தெருப்பலகையிலும் கைப்பேசிச் செய்தியிலும் ஷோலாட், ஷாலாட் என்று பார்ப்பீர்கள். படிப்பதற்குத் தடையில்லை, ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டு வடிவங்கள் கலந்து வரக் கூடாது. மலேசிய சொலாட்டை அப்படியே கொண்டுவந்தால், மலேசியாவில் எழுதியது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

புரொடெஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்குக் கெபாக்தியான், அல்லது இபாடாஹ். கத்தோலிக்கர்களுக்கு மீசா, போர்ச்சுகீசியத்தின் வழி வந்தது. குருவானவர் இல்லாமல் பொதுநிலையினர் நடத்தும் வாசக வழிபாட்டை மீசா என்று எழுதக் கூடாது. அதற்கு இபாடாட் சப்டா என்று பெயர். நிரலில் மீசா என்று போட்டுவிட்டு அன்றைக்குக் குரு வரவில்லையென்றால் திருப்பலி நடக்காது, வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். ஆகவே ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். "கிறிஸ்டென்" என்ற தலைப்பின் கீழ் கத்தோலிக்கரைச் சேர்ப்பதும் இங்கே நடக்காது. அரசு ஏற்றுள்ள ஆறு சமயங்களில் கிறிஸ்டென் (புரொடெஸ்டண்ட்), காத்தோலிக் இரண்டும் தனித்தனி.

இந்துக்களுக்குச் செம்பாஹ்யாங், கூட்டு வழிபாடு என்றால் பெர்செம்பாஹ்யாங்கான் பெர்சாமா. பௌத்தர்களுக்குப் பூஜா பாக்தி. மலேசியாவில் கெட்ட வாடை அடித்த பூஜா இங்கே விஹாரையின் அறிவிப்புப் பலகையில் மதிப்போடு நிற்கிறது. கொங்ஹுச்சுவினருக்கும் (கன்பூசியஸ் நெறியினர்) சீனக் கோயில்களுக்கும் செம்பாஹ்யாங். மூதாதையர் வழிபாடு செம்பாஹ்யாங் லெலூஹூர்.

தலங்களின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். நம் கோயில் என்ற சொல்லே கூயில் ஆனது. சுமத்ராவின் மேடானில் 1880களில் எழுந்த மாரியம்மன் கோயிலின் பெயர் கூயில் ஸ்ரீ மாரியம்மன். ஆனால் பாலி இந்துக்களின் கோயிலைக் கூயில் என்று எழுதாதீர்கள், அது பூரா. பூரி என்று எழுதினால் அரண்மனை. ச்சண்டி என்பது பிரம்பானான், போரோபுடூர் போன்ற பழைய கற்கோயில்கள். சீனக் கோயில் இந்தோனேசியாவில் கெலெந்தெங், மலேசியாவில் தோக்கோங். விஹாரா இந்தோனேசியாவில் பௌத்தக் கோயில். அதிலிருந்து பிறந்த பியாரா என்பது துறவியர் மடம்.

நண்பகல் இடைவேளைக்கு "சொலாட் டான் மாக்கான்" வேண்டாம். இந்தோனேசிய நிரல்களில் அதற்கென்றே ஒரு சுருக்கம் நிலைத்துவிட்டது: இஷோமா. இஸ்திராஹாட், ஷோலாட், மாக்கான் மூன்றின் தலைப்பகுதிகள். 12.00–13.00 இஷோமா என்று போட்டால் ஓய்வு, லுஹர் தொழுகை, சாப்பாடு எல்லாம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் ஒரு மணி நேரம் போதாது. ஜும்ஆவுக்குக் குத்பாவும் (சமய உரை) உண்டு, பள்ளிவாசலுக்குப் போய்வர வேண்டும். 11.30–13.30 என்று வைத்தால் பின்மதிய அமர்வு தாமதமாகாது. நாளின் பெயரையும் மாற்றுங்கள்: மலேசியாவில் ஜுமாஅட், இந்தோனேசியாவில் ஜுமாட்.

மௌன அஞ்சலிக்கு "டோவா செஞாப்" என்று எந்த இந்தோனேசியரும் சொல்ல மாட்டார். இறந்தோரையும் தியாகிகளையும் நினைத்து நிற்பது மெங்ஹெனிங்க்கான் சிப்தா, மலேசியாவில் பெர்தஃபாகூர். தொடக்கத்தில் அவரவர் முறையில் வேண்டிக்கொள்ளச் செய்வதானால் அது வேறு. அதற்கு நெறியாளர் சொல்லும் வாசகம் ஏறக்குறைய மாறாதது: "பெர்டோவா மெனூருட் ஆகாமா டான் கெபெர்ச்சாயாஅன் மாசிங்-மாசிங்". அவரவர் சமயப்படியும் நம்பிக்கைப்படியும் என்று பொருள். அதன் பின் "பெர்டோவா, மூலாய்" என்று தொடங்கி, சற்று நேரம் விட்டு, "பெர்டோவா, செலெசாய்" என்று முடிப்பார். முடிக்கும் சொல்லை நிரலில் எழுத மறந்துவிடுகிறார்கள். அப்புறம் எப்போது தலை நிமிர்வது என்று அவை தவிக்கும்.

எல்லாச் சமயத்தாரும் மாறி மாறி மேடையேறி வேண்டுவதானால் தலைப்பு டோவா லிந்தாஸ் ஆகாமா. டோவா எந்தச் சமயத்துக்கும் பொது. அதை வைத்துத் தவறு நேரவே நேராது.

கடாரத்தான்:

தமிழ் முஸ்லிம் மூலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொழுகை சொலாட், துஆ (வேண்டுதல்) டோவா, இபாதத் (வழிபாடு) இபாடாட் என்று நேருக்கு நேர் நிற்பதால் இங்கே குழப்பம் குறைவு. தொழுகையும் துஆவும் தமிழில் ஒருபோதும் கலப்பதில்லை, மலாயிலும் அப்படித்தான். "அவருக்காகப் பிரார்த்தித்தோம்" என்று தமிழ் மூலம் பொதுவாகச் சொன்னால், மய்யித்துத் (இறந்தவருக்கான) தொழுகையா, துஆவா என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள். முதலாவது சொலாட் ஜெனாசாஹ். ஜனாஸாவுக்குத் தொழவைப்பது மெஞெம்பாஹ்யாங்க்கான் ஜெனாசாஹ், இந்தோனேசியாவில் மெஞாலாட்கான். பின்னது மெண்டோவாக்கான்.

வினைச்சொல் இணையும் முறையும் முக்கியம். சொலாட்டுக்கு மெனுனாய்க்கான், மெண்டிரிக்கான், மெங்ஙெர்ஜாக்கான் மூன்றும் பொருந்தும். டோவாவுக்கு மெம்பாச்சா (ஓதுதல்), மெமான்ஜாட்கான். "மெம்பாச்சா சொலாட்" என்று யாரும் சொல்வதில்லை. நிகழ்ச்சி நிரலில் துஆ ஓதுதல் பாச்சாஅன் டோவா.

நாடு மாறினால் மாறுபவை: சுன்னத்தான (கட்டாயமல்லாத) தொழுகை மலேசியாவில் சொலாட் சூனாட். இந்தோனேசியாவில் சூனாட் என்ற ஒலி கேட்டதும் கத்னாதான் (விருத்தசேதனம்) நினைவுக்கு வரும். அங்கே சாலாட் சூனாஹ் என்று எழுதுங்கள். தொழுகை விரிப்பு மலேசியாவில் செஜாடாஹ், இந்தோனேசியாவில் சாஜாடாஹ். பெண்கள் தொழும்போது அணியும் வெள்ளை உடை மலேசியாவில் தெலெக்கோங், இந்தோனேசியாவில் முக்கெனா. இதை மாற்றாமல் விட்டால் கடையில்கூடப் புரியாது. தொழும் இடம் மலேசியாவில் சூராவ், இந்தோனேசியாவில் முசாலா. நண்பகல் தொழுகை மலேசியாவில் சோஹோர், இந்தோனேசியாவில் சூஹூர் என்று எழுத்து வேறுபடும். மேடான்வாசி எழுதிய லுஹர் தமிழ் வழக்கு, அதை நிரலில் போட்டுவிடாதீர்கள்.

தொழுகை, துஆ, சாப்பாடு மூன்றும் கூடும் வீட்டு விசேஷம் மலாயில் கெண்டூரி. நம் கந்தூரியும் அதே பாரசீக வேரிலிருந்து வந்தது. ஆனால் தமிழில் கந்தூரி என்றால் தர்கா விழா. மலாயில் கெண்டூரி என்றால் எந்த விருந்தும் ஆகலாம்: திருமண விருந்து கெண்டூரி காவின், இறந்தவர் பெயரில் வைப்பது கெண்டூரி ஆர்வாஹ். நாகூர் கந்தூரியைப் பற்றி எழுதும்போது வெறும் கெண்டூரி என்றால் யாரோ வீட்டுச் சாப்பாடு என்று நினைப்பார்கள். தர்காவின் பெயரைச் சேர்த்து ஒரு வரி விளக்கமும் கொடுங்கள்.

வலம்புரி:

மிகவும் நன்றி. நிரலில் பாலி இந்துக்களின் வழிபாட்டைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. பார்வையாளர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்க ஒரு குறிப்பு கேட்கிறார்கள். "மலர் தூவி அர்ச்சனை" என்று மூலத்தில் இருக்கிறது. அதற்கு என்ன சொல்?

மேடான்வாசி:

அர்ச்சனை என்று நினைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் நடப்பதும் எழுத்தும் ஒட்டாது. பாலியில் பூசகர் பெயர் சொல்லி மலர் இடுவதில்லை. வணங்குகிறவரே மலரை விரல் நுனியில் பிடித்துக் கைகூப்பி நெற்றிக்கு உயர்த்துவார். அதற்கு முஸ்பா என்று பெயர். புஷ்பம் உள்ளே இருக்கிறது. முறையின் பெயர் க்ராமானிங் செம்பாஹ், அல்லது பஞ்ச செம்பாஹ். ஐந்து வணக்கம்.

முதலில் கைகளையும் மலரையும் ஊதுவத்திப் புகையையும் மந்திரத்தால் தூய்மை செய்வார்கள். கூட்டு வழிபாடாக இருந்தால் ஐந்து வணக்கத்துக்கு முன் த்ரி சந்த்யா சொல்வார்கள். ஆறு பாடல், முதலாவது காயத்ரி. பிறகு ஐந்து வணக்கம். முதலாவது வெறுங்கையால், செம்பாஹ் புயோங். இரண்டாவது மலரோடு, சூரியனாகத் தோன்றும் இறைவனுக்கு. சங் ஹியாங் ஆதித்யா. மூன்றாவது க்வாங்கெனோடு இஷ்ட தெய்வத்துக்கு. க்வாங்கென் என்பது வாழையிலையைக் கூம்பாக மடித்து மலரும் துளைக்காசும் வைத்தது. அது இல்லையென்றால் மலரே போதும். நான்காவது அருள் வேண்டி, மலரோடு அல்லது க்வாங்கெனோடு. ஐந்தாவது மறுபடி வெறுங்கை.  ஒரு வணக்கத்துக்கு எடுத்த மலரையே அடுத்ததற்கு எடுப்பதில்லை.

இது முடிந்ததும் கோயில் பூசகரான பெமாங்க்கு தீர்த்தா (தீர்த்தம்) தெளிப்பார். மூன்று முறை தெளிப்பது, மூன்று முறை அருந்துவது, மூன்று முறை முகத்தில் தடவிக்கொள்வது. வலது கை மேலே, இடது கை கீழே வைத்து ஏந்த வேண்டும். கடைசியாகப் பீஜா, ஈர அரிசி. நெற்றியில், தொண்டைக்குழியில் ஒட்டி, சில மணிகளை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

குறிப்பில் இறைவனின் பெயர் சங் ஹியாங் விதி வாசா. பூசகர் இருவகை: கோயிலைப் பார்த்துக்கொள்பவர் பெமாங்க்கு, தீட்சை பெற்ற பிராமணப் பெரியவர் பெடாண்டா. சாமி என்று போட வேண்டாம். அது மலேசிய வழக்கு. தரையில் வைக்கும் சிறு ஓலைத்தட்டு மலர்ப்படையல் சானாங் சாரி. நேர்த்திக்கடனைப் பொது இந்தோனேசியத்தில் நாசார் அல்லது காவுல் என்பார்கள். ஆனால் காவுல் என்றதும் கத்தோலிக்கருக்குத் துறவியரின் வார்த்தைப்பாடு நினைவுக்கு வரும். பல்சமயக் கூட்டத்தில் நாசாரே தெளிவு.

பொருள் வாங்கித் தர வேண்டியிருந்தால் ஒன்று. ஊதுவத்தி டூப்பா, சீனக் கோயிலுக்கு ஹியோ, மலேசியாவில் ச்சொலோக். சூடத்துக்குக் காப்பூர் பாருஸ் என்று அகராதி சொல்லும். சுமத்ராவின் பாருஸ் ஊர்ப் பெயரோடு புகழ் பெற்ற கற்பூரம்தான் அது. ஆனால் இன்று இந்தோனேசியக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் துணி அலமாரியில் போடும் பூச்சி உருண்டையைத்தான் எடுத்துத் தருவார்கள். அது நாஃப்தலீன், ஆரத்திக்குக் கொளுத்தினால் கரும்புகையும் கெடுநாற்றமும் வரும், மூடிய மண்டபத்தில் மூச்சுக்கும் கெடுதல். வாங்குபவரிடம் பொட்டலத்தில் உள்ள பொருளின் பெயரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லேர்:

வலம்புரி, அச்சுக்குப் போகுமுன் இன்னும் இரண்டு. மலேசிய அறிவிப்பில் நிகழ்ச்சியை மஜ்லிஸ் என்று எழுதியிருப்பீர்கள். அதை அப்படியே இந்தோனேசிய நிரலுக்கு நகல் எடுக்காதீர்கள். அங்கே மஜெலிஸ் என்றால் மன்றம், சபை. புரொடெஸ்டண்ட் தேவாலயத்தில் மூப்பர் குழு. நிகழ்ச்சிக்கு ஆச்சாரா. அதேபோல் ஜெமாஆஹ், ஜெமாஅட் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். இந்தோனேசியத்தில் முன்னது தொழுகைக்குக் கூடும் முஸ்லிம்கள், பின்னது தேவாலயச் சபையார். ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டும் ஓரெழுத்தில் சமயம் மாறிவிடுகின்றன. கணினியின் தானியங்கித் திருத்தம் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுவதால், கடைசி மெய்ப்பில் இந்தச் சொல் வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.